இரவு 15 நிமிடம்: இஞ்ஞாசியார் காட்டிய ஆன்ம ஆய்வு, படிப்படியாக

கடவுளின் அருளுக்கு மனிதர் தரவேண்டிய பதில் நன்றி, தாழ்ச்சி, நம்பிக்கை என்று மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்த மூன்றையும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு, பாத்திரம் கழுவி அடுப்படி விளக்கை அணைத்த பிறகு, எப்படிச் செய்வது என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுவார்கள். ஞாயிறு மறையுரை ஆசையைக் கிளப்பிவிட்டு முடிந்துவிடும். திங்கள் முதல் சனி வரைக்கான வழிமுறை பெரும்பாலும் அதில் இருக்காது.

வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் 43-ஆம் பத்தி எண்ணில் அதை ஐந்தே குறிப்புகளாக எழுதிவைத்தார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது, தன் பாவங்களை அறிய அருள் கேட்பது, நாள் முழுவதையும் மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, அருளின் துணையோடு திருந்தத் தீர்மானிப்பது. கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் இந்நூலுக்கு ஒப்புதல் தந்தார். இயேசு சபையினர் இன்றும் இதை நாளுக்கு இருமுறை செய்ய வேண்டும். கத்தோலிக்கர்தான் செய்யலாம் என்றில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தகோஸ்து என எந்தச் சபையைச் சேர்ந்தவரும் 'அருள்' என்ற இடத்தில் 'கிருபை' என்று போட்டுக்கொண்டு அப்படியே செய்யலாம்.

வரிசையை மாற்றாதீர்கள்

ஆன்ம சோதனை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்வதற்கு) முன் முழங்காலில் நின்று பத்துக் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பது. அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தொடக்கத்தில் இருக்கிறது. இஞ்ஞாசியார் பாவங்களைத் தேடத் தொடங்குவது மூன்றாவது இடத்தில்தான். முதல் இடம் நன்றிக்கு.

இது பக்திக்காகச் சேர்த்த முன்னுரை இல்லை. போர்த்துகலில் இருந்த தோழர் சீமோன் ரோட்ரிகஸுக்கு 1542 மார்ச் 18 அன்று எழுதிய கடிதத்தில், நன்றிகெட்டதனத்தை எல்லாத் தீமைக்கும் பாவத்துக்கும் காரணமாகவும் தொடக்கமாகவும் ஊற்றாகவும் இஞ்ஞாசியார் குறிப்பிடுகிறார். (இந்த ரோட்ரிகஸ் சவேரியாரோடு இந்தியாவுக்குக் கப்பலேற இருந்தவர். போர்த்துகல் அரசர் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். சவேரியார் மட்டும் வந்து, அதே 1542-இல் முத்துக்குளித்துறைக் கரையில் இறங்கினார்.) பெற்றதை மறந்தவனுக்கு எல்லாமே தன் உரிமை என்று தோன்றும். உரிமை என்று நினைக்கும் இடத்தில் பேராசையும் பொறாமையும் எரிச்சலும் கூடவே வந்துவிடும். அதனால்தான் வேரில் கைவைக்கிறார்.

குற்றத்தில் தொடங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: நம்மை நாமே நியாயப்படுத்துவோம், அல்லது நம்மை நாமே சாட்டையால் அடிப்போம். இரண்டிலும் நாம்தான் நடுவில் நிற்கிறோம். நன்றியில் தொடங்கினால், இன்று இவ்வளவு தந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தபின் குற்றத்தைப் பார்க்கிறோம். அப்போது ஒளிக்கத் தோன்றாது. தாழ்ச்சி அங்கேதான் பிறக்கிறது. இன்று தந்தவர் நாளையும் தருவார் என்பதற்கு இன்றைய கணக்கே சாட்சியாக இருக்கிறது. ஐந்தாம் படியின் நம்பிக்கை அதன்மேல் நிற்கிறது. நடுவில் ஒன்றை உருவினால் மேலே உள்ளது சரியும்.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தின் இரவு செபத்தை எடுத்துப் பாருங்கள். இன்று காத்ததற்கு நன்றி, செய்த பாவங்களுக்கு மன்னிப்பு, உடலையும் ஆன்மாவையும் உமது கையில் ஒப்படைக்கிறேன் என்று அதே வரிசையில் போகிறது. பிறகு உடனே மகிழ்ச்சியாகத் தூங்கப் போ என்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மறைபரப்பாளர் சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். சீர்திருத்தச் சண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றவர்கள் இரவு செபத்தில் ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

நேரம்: 15 நிமிடம். அதில் நன்றிக்கு 5, ஒளி கேட்க 1, நாளைத் திரும்பிப் பார்க்க 5, மன்னிப்புக்கு 2, நாளைய தினத்துக்கு 2. முதல் வாரங்களில் இது நீளமாகத் தோன்றும். பழகியபின் பற்றாமல் போகும். நீட்டாதீர்கள். அரைமணி நேரமாக நீண்ட பழக்கம் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

இடம்: நாற்காலி, அல்லது சுவரில் சாய்ந்து தரையில். கட்டிலில் வேண்டாம், மூன்றாம் படிக்கு வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள். குடும்ப செபமாலையோ குடும்ப ஜெபமோ உள்ள வீட்டில் அது முடிந்த உடனேயே உட்காருவது சுலபம். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் பணி முடிந்து வந்த பிறகு செய்யட்டும். 'நாள்' என்பது நீங்கள் விழித்ததிலிருந்து தூங்கப் போகும் வரை. கடிகாரத்தின் நள்ளிரவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தேவையானவை: ஒரு சிறு நோட்டு, ஒரு பேனா. கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அலாரத்துக்காகவாவது பக்கத்தில் வைக்கிறேன் என்றால், அதற்கு 200 ரூபாய்க் கடிகாரம் ஒன்று வாங்கிவிடலாம். நோட்டில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் மூன்று வரி. அதற்கு மேல் எழுதினால் அது நாட்குறிப்பாகிவிடும். நாட்குறிப்பு நல்லதுதான், ஆனால் அதில் நாம் நம்மிடமே பேசுகிறோம்.

உட்கார்ந்ததும் அரை நிமிடம் சும்மா இருங்கள். மூச்சு சீராகட்டும். சிலுவை அடையாளம் போடும் வழக்கம் உள்ளவர்கள் போடலாம்.

முதல் படி: நன்றி

இந்தப் படியில்தான் பலரும் தவறுகிறார்கள். "ஆண்டவரே, எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பத்து விநாடியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அல்லது நல்ல குடும்பம், நல்ல சுகம், நல்ல வேலை என்று ஒரு பட்டியல். அதே பட்டியல் முப்பது நாளும் வந்தால் வாய்தான் சொல்லும், மனது வேறெங்கோ இருக்கும்.

மூன்று நன்மைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் மூன்று சோதனையில் தேற வேண்டும். இன்று நடந்திருக்க வேண்டும். அதில் ஓர் ஆளோ நேரமோ இடமோ இருக்க வேண்டும். அது இல்லாமலும் போயிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். 'வேலைக்கு நன்றி' தேறாது. '7.40 பேருந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும்போது நடத்துநர் விசில் ஊதாமல் இரண்டு விநாடி நிறுத்தி வைத்தார்' தேறும்.

எழுதிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, 'நீர்' என்று கடவுளைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லை விட்டால், கடைகளில் விற்கும் நன்றி நோட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. லூக்கா 17-இல் பத்துத் தொழுநோயாளர்களும் குணமானார்கள். பத்துப் பேரும் மகிழ்ந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. திரும்பி வந்து காலில் விழுந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். நற்செய்தி கணக்கிடுவது மகிழ்ந்தவர்களை இல்லை, திரும்பி வந்தவர்களை.

பயிற்சிகள் நூலின் 234 முதல் 237 வரையான எண்களில், நன்மைகளை எப்படித் தேடுவது என்று இஞ்ஞாசியார் வழிகாட்டுகிறார்: படைப்பு, மீட்பு, எனக்கென்று தனியாகத் தந்தவை, பிறகு கடவுள் அவற்றில் குடியிருப்பது, எனக்காக அவற்றில் உழைப்பது, எல்லா நன்மையும் கதிரவனிலிருந்து கதிர் போல மேலிருந்து இறங்குவது. வாரத்தில் ஒரு நாள், சனி இரவு என்று வைத்துக்கொள்ளலாம், இந்தப் பெரிய நன்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் சின்னவை போதும்.

ஒன்றுமே தோன்றவில்லையா? விழித்த மணியிலிருந்து வரிசையாகப் போங்கள். குழாயில் தண்ணீர் வந்ததா? முதல் வாய்ச் சோறு யார் கையால்? வழியில் யார் ஒதுங்கி இடம் விட்டார்? பத்து மணிக்கு வருவதற்குள் மூன்று கிடைத்துவிடும். அந்த மூன்றில் ஒரு மனிதர் இருந்தால், மறுநாள் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. லூக்கா 18-இல் கோவிலுக்குப் போன பரிசேயனும் நன்றியில்தான் தொடங்கினான்! மற்றவர்களைப் போலவும் அங்கே நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை)ப் போலவும் தான் இல்லாததற்கு நன்றி சொன்னான். ஆகவே எழுதிய வரியைத் திரும்பிப் பாருங்கள். அதில் உங்களுக்குக் கீழே யாராவது நிற்கிறார்களா? 'பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி என் மகன் கெட்டுப் போகவில்லை, ஸ்தோத்திரம்' என்ற வரியில் நிற்கிறான். அடித்துவிட்டு, மகன் இன்று செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். 'எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை' என்பதும் இந்த வகைதான்.

இன்னொன்று. சாவு விழுந்த வீட்டில், நோய் முற்றிய நாளில், வேலை பறிபோன இரவில் இந்தப் படியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். துக்கத்தில் இருப்பவரிடம் போய் "இதற்கும் நன்றி சொல்லுங்கள்" என்பது ஆறுதல் இல்லை, கொடுமை. இயேசுவே லாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். அந்த நாட்களில் முதல் படிக்குப் பதிலாகத் திருப்பாடல் 13-ஐ மெதுவாக வாசியுங்கள். ஆறே வசனம், 'எதுவரைக்கும்' என்ற முறையீட்டில் தொடங்குகிறது. அதுவும் பொருந்தாத அளவுக்கு இருட்டாக இருந்தால் 88. அந்தப் பாடல் நன்றியில் முடியவே இல்லை, இருளில் முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகத்தான் வைத்திருக்கிறது.

இரண்டாம் படி: ஒளி கேட்பது

ஒரு நிமிடம், ஒரே வாக்கியம்: "ஆண்டவரே, இந்த நாளை நீர் பார்த்தபடி நானும் பார்க்கச் செய்யும்." இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தாண்டினால் மூன்றாம் படியில் நமக்குள் இருக்கும் வக்கீல் எழுந்து வாதாடத் தொடங்கிவிடுவார்.

மூன்றாம் படி: நாளைத் திரும்பிப் பார்ப்பது

நாளை மூன்றாகப் பிரியுங்கள்: விழித்ததிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும் வரை, வேலை அல்லது படிப்பு நேரம், மாலை முதல் இப்போது வரை. வீட்டிலேயே இருப்பவர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எண்ணம், அடுத்து சொல், அதன்பின் செயல். இஞ்ஞாசியார் தந்த வரிசை இது. செயலில் தொடங்கினால் பெரும்பாலும் 'இன்று தப்பு ஒன்றும் செய்யவில்லை' என்று முடிந்துவிடும். எண்ணத்தில் தொடங்குங்கள், கதை வேறாக இருக்கும்.

தேடுவது குற்றத்தை மட்டும் இல்லை. எந்த நேரத்தில் மனம் கடவுளை நோக்கி, பிறரை நோக்கி விரிந்தது? எந்த நேரத்தில் சுருங்கிப் போனது? விரிவை இஞ்ஞாசியார் ஆறுதல் என்கிறார், சுருக்கத்தை வறட்சி என்கிறார். இவை சந்தோஷமும் வருத்தமும் அல்ல. ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே மனம் சுருங்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே விரியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் நாள் என்று வைத்துக்கொள்வோம். காலை முதல் வகுப்பில் வீட்டுப்பாடம் கொண்டுவராத ஒரு பையனை எல்லார் முன்னும் திட்டினார். மதிய உணவின்போது அதே பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். போய்ப் பேச நினைத்தார். தலைமையாசிரியர் கூப்பிட்டதால் போகவில்லை. மாலை, இன்னொரு ஆசிரியையின் பாடம் பாராட்டப்பட்டபோது வாய் வாழ்த்தியது, உள்ளே குத்தியது. இரவில் அவர் நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'காலை: அவனைத் திட்டியது பாடத்துக்காக இல்லை, எனக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில். மதியம்: அவனிடம் போகச் சொல்லி ஒரு தூண்டுதல் வந்தது, அது நல்லது. மாலை: பொறாமை.' திட்டிய விஷயத்தில் 'எதனால்' என்பதைக் கண்டுபிடித்திருக்கிறார், கவனியுங்கள். மதியத்துத் தூண்டுதலை அவர் நிறைவேற்றவில்லை. ஆனாலும் அது வந்ததே அருள் என்று குறித்திருக்கிறார். பலரும் விட்டுவிடும் இடம் இது.

தாழ்ச்சி இந்தப் படியில் இரண்டு பக்கமும் வெட்டும். தவறை மறைக்காமல் பார்ப்பது ஒரு பக்கம். செய்த நன்மையைத் தன் பெயரில் வரவு வைக்காமல் இருப்பது மறுபக்கம். "நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். உபாகமம் 8-இல் மோசே எச்சரிப்பதும் இதைத்தான்: வயிறு நிரம்பி, வீடு கட்டிக் குடியேறி, ஆடுமாடு பெருகிய பிறகு 'என் கை பலத்தால் சம்பாதித்தேன்' என்று சொல்லிவிடாதே. பஞ்ச காலத்தைவிடச் செழிப்பான வருடத்தில் இந்தப் படியைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்று மார்தட்டாமல் மார்தட்டுவது தாழ்ச்சியில் சேராது. அந்த வாக்கியத்திலும் கதாநாயகன் 'நான்'தான். அதேபோல, அடிக்கும் கணவனைப் பொறுத்துப்போவது தாழ்ச்சி என்று ஒரு பெண்ணுக்கோ, சாதி சொல்லி ஒதுக்குவதை ஏற்பது தாழ்ச்சி என்று ஒரு தலித் கிறிஸ்தவருக்கோ யாராவது போதித்தால், அது நற்செய்தி இல்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிப் பிரிவினை பார்த்த திருச்சபைகள் உண்டு. அங்கே தாழ்ச்சி கற்க வேண்டியவர்கள் பிரித்தவர்கள். கடவுளுக்கு முன் தாழ்வதும் அநியாயத்துக்கு முன் குனிவதும் வேறு வேறு.

நான்காம் படி: மன்னிப்பு

கண்டதில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை எடுங்கள். பெயர் வைத்துச் சொல்லுங்கள்: 'பொறாமைப்பட்டேன்', 'பொய் சொன்னேன்'. 'சூழ்நிலை அப்படி' என்று சேர்க்காதீர்கள். ஆயக்காரனின் ஒரே வாக்கியம் போதும்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." மனிதருக்கு எதிரான தவறு என்றால் கடவுளிடம் சொல்வதோடு முடியாது, சரிசெய்யும் காரியம் ஐந்தாம் படிக்குப் போக வேண்டும். கத்தோலிக்கர் கனமான பாவத்தை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) எடுத்துச் செல்ல வேண்டும். இந்த இரவு ஆய்வு அதற்கு மாற்றில்லை.

ஆபத்து எது என்றால், இந்தப் படி வீங்கிப்போய் மற்ற நான்கையும் விழுங்கிவிடுவது. இஞ்ஞாசியாருக்கே அது நடந்தது. 1521 மே மாதம் ஸ்பெயினின் பாம்பலோனாக் கோட்டையில் போரிட்டபோது பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. குணமானபின் 1522-இல் மொன்செராத் மடத்தில் மூன்று நாள் எடுத்து வாழ்நாள் பாவங்களை எழுதி அறிக்கையிட்டார். பக்கத்தில் இருந்த மன்ரேசாவுக்கு வந்ததும், ஏதோ விட்டுப்போயிற்று என்ற அரிப்பு தொடங்கியது. மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதியில்லை. தற்கொலை எண்ணம் வரை போனது. ஒரு வாரம் ஒன்றும் உண்ணாமல் குடிக்காமல் இருந்தார். ஆன்ம குரு கண்டித்துச் சாப்பிட வைத்தார். கடைசியில், கடந்த பாவங்களைத் திரும்ப அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார். அவர் எழுதிய முறையில் நன்றி முதலிடம் பிடித்திருப்பதைப் படிக்கும்போது இந்த மன்ரேசா மாதங்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எனவே ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றதைத் தோண்டாதீர்கள். ஒரே சந்தேகம் இரவுக்கு இரவு வந்து தூக்கத்தைக் கெடுத்தால், நான்காம் படியை ஒரு மாதம் முழுக்க நிறுத்திவிட்டு முதல் படியை மட்டும் செய்யுங்கள். ஓர் ஆன்ம குருவிடமோ போதகரிடமோ பேசுங்கள். கை கழுவுவது, எண்ணுவது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என்று வேறு இடங்களிலும் இந்த அரிப்பு தெரிந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்தாம் படி: நாளைய தினம்

இரண்டு காரியம். ஒன்று, நாளைக்கு நான் செய்ய வேண்டியது. மற்றது, என்னால் முடியாததால் ஒப்படைக்க வேண்டியது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நேரமும் ஆளும் இடமும் அதில் இருக்கட்டும். 'நாளை முதல் கோபப்படமாட்டேன்' உதவாது. அந்த ஆசிரியைக்கு: 'முதல் மணி அடிக்கும் முன் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பேன்.' பிறகு "இதற்கு உமது அருள் வேண்டும்" என்று சொல்லுங்கள். தீர்மானம் நம்முடையது, பலம் நம்முடையதல்ல. இந்த வாக்கியத்தை விட்டால், மறுநாள் ஜெயித்தால் தலைக்கனம் வரும், தோற்றால் சோர்வு வரும்.

ஒப்படைப்பதையும் பெயர் சொல்லியே செய்யுங்கள்: மகளின் பரிசோதனை முடிவு, வங்கிக் கடன், பேசாமல் இருக்கும் தம்பி. விடுதலைப் பயணம் 16-ஆம் அதிகாரத்தில் பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்குக் கிடைத்த உணவான மன்னா இதற்கு நல்ல அளவுகோல். ஆளுக்கு ஓர் ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். மறுநாளுக்கு வேண்டும் என்று பயந்து எடுத்துவைத்தது புழுத்து நாறியது. அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் இரண்டு ஓமர் எடுக்கச் சொல்லியிருக்கிறது, அது நாறவில்லை. ஆக, சேமிப்பும் திட்டமும் தவறில்லை. பயத்தால் பதுக்குவதுதான் அழுகுகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு 'விசுவாசத்தில் நிற்கிறேன்' என்பதும், காப்பீடு எடுக்காமல் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்பதும் நம்பிக்கையில் சேராது.

நம்பினால் நடந்தே தீரும் என்று பேரம் பேசுவதும் சேராது. இவ்வளவு காணிக்கை போட்டால் இவ்வளவு திரும்பிவரும் என்று போதிக்கும் மேடைகள் நம் ஊரில் குறைவில்லை. தம் உடலில் தைத்திருந்த முள் என்று அவர் சொன்ன துன்பத்தை எடுக்கும்படி பவுல் மூன்றுமுறை மன்றாடினார், எடுக்கப்படவில்லை. கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்." இஞ்ஞாசியாரின் ஒப்புக்கொடுத்தல் செபமும் இதே இடத்தில்தான் போய் நிற்கிறது: என் சுதந்திரம், நினைவு, அறிவு, மனத்திட்பம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், உம் அன்பையும் அருளையும் மட்டும் தாரும், அதுவே எனக்குப் போதும். சனி இரவு இதைச் சொந்த வார்த்தையில் சொல்லலாம். மற்ற நாளெல்லாம் கர்த்தர் கற்பித்த செபத்தோடு முடித்துவிட்டுப் படுங்கள்.

முதல் மாதம்

ஐந்தையும் முதல் இரவே தொடங்க வேண்டாம். முதல் வாரம் நன்றி மட்டும், 5 நிமிடம். இரண்டாம் வாரம் ஒளி கேட்பதையும் திரும்பிப் பார்ப்பதையும் சேருங்கள். மூன்றாம் வாரம் நாளைய தினம். மன்னிப்பை நான்காம் வாரம் சேர்ப்பது நல்லது. அதற்குள் நன்றி பழகியிருக்கும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள். அன்றைய நாளை மட்டும் பாருங்கள்.

வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள். ஒரே பெயர், ஒரே நேரம், ஒரே எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கெனத் தனி ஆய்வு ஒன்று உண்டு. நூலின் 24 முதல் 31 வரை இஞ்ஞாசியார் அதை விளக்குகிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, காலையில் எழும்போது நினைவில் வைத்து, மதியமும் இரவும் எத்தனை முறை விழுந்தோம் என்று கோட்டில் புள்ளி வைப்பது. விழுந்த அந்த நொடியில் யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கைவைப்பது. நான்கு வாரத்துக்கு மேல் ஒரே குறையைப் பிடித்துக்கொண்டிருந்தால் சலித்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

வறண்டு போகும்போது

ஆறாவது, ஏழாவது வாரத்தில் எதுவும் உணராத இரவுகள் வரும். பலர் நிறுத்துவது அப்போதுதான். வறட்சியில் எந்த முடிவையும் மாற்றாதே என்பது நூலின் 318-ஆம் எண்ணில் இஞ்ஞாசியார் தரும் விதி. இன்றைக்கு விட்டுவிடலாம் என்று தோன்றினால் 15 நிமிடத்தோடு ஒரு நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். இதுவும் அவர் சொன்ன உத்திதான். வறட்சிக்கு அவர் மூன்று காரணம் தருகிறார்: நம் அசட்டை, பரிசு கிடைக்காதபோதும் நிற்கிறோமா என்ற சோதனை, ஆறுதல் நம் கைச்சரக்கு இல்லை, கடவுளின் கொடை என்று புரிய வைப்பது. பிறர் வீட்டில் போய்க் கூடு கட்டிக்கொண்டு 'இது என்னுடையது' என்று பெருமை பேசாதிருக்கவே இந்த மூன்றாவது என்கிறார். முதல் காரணம் பொருந்துகிறதா என்று பாருங்கள். தூக்கம் குறைவா, கைப்பேசி மறுபடி அறைக்குள் வந்துவிட்டதா. பொருந்தவில்லை என்றால் தோண்டாமல் தொடருங்கள். நன்றாகப் போகும் வாரங்களில் எதிர்ப்பக்க விதி: வறண்ட நாளில் தான் எப்படி இருந்தோம் என்று நினைத்துக்கொள்வது.

வீட்டில் பிள்ளைகளோடும், நேரமில்லாத நாளிலும்

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு கேள்வி போதும்: இன்றைக்கு எதற்காக இயேசுவுக்கு நன்றி சொல்லலாம்? நாளைக்கு எதில் அவர் துணை வேண்டும்? பாவக் கேள்வியை அவர்களிடம் எல்லார் முன்னும் கேட்காதீர்கள். அடி விழும் என்ற பயத்தில் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள். பெரியவர்களும் தங்கள் பதிலைச் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளைகளுக்கு முன்பே.

இரவு உட்கார வழியே இல்லாத நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஒரு நன்றி, ஒரு திருத்தம், மாலைக்கு ஒரு வேண்டுதல். பேருந்தில் நின்றுகொண்டே செய்யலாம். கண்ணை மூட வேண்டியதில்லை.